வளரிளம் பருவத்தில் தைராய்டு தன்னெதிர்ப்பு நோய்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மேசைமீது ஒருநாள் மாலை மகளின் பள்ளி அடையாள அட்டைகள் நான்கை வரிசையாக அடுக்கிவைத்தோம். ஐந்தாம் வகுப்புப் படத்தில் கூரிய முகவாயுடன் சிரித்தவள், ஆறாம் வகுப்பில் சற்று உப்பியிருந்தாள். ஏழாம் வகுப்பில் இமைகள் கனத்திருந்தன. எட்டாம் வகுப்புப் படம் தூக்கத்திலிருந்து எழுப்பி எடுத்ததுபோல இருந்தது. அன்றாடம் பார்க்கும் முகம் என்பதால் மூன்று ஆண்டுகளாக அந்த மாற்றம் எங்கள் கண்ணில் படவேயில்லை. பழைய படங்களும் உயரக் குறிப்புகளும் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கேட்ட பிறகுதான் அட்டைகளைத் தேடினோம். நோயின் பெயரை ரத்தப் பரிசோதனை சொன்னது. அது எப்போது தொடங்கியிருக்கும் என்பதை அந்த அட்டைகள் சொல்லின.

மருந்தின் அளவை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. ஆனால் பிள்ளை எப்படி வளர்ந்தது, எப்போது மாறியது, மாத்திரை உண்மையிலேயே வேளாவேளைக்கு உள்ளே போகிறதா என்ற மூன்றும் வீட்டிலிருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்த மூன்றையும் ஒழுங்காகத் திரட்டி மருத்துவரின் முன்னால் வைப்பதற்கு உதவும் வகையில் இதை எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம், வண்ணத்துப்பூச்சியின் வடிவில் ஒட்டியிருக்கும் சுரப்பி அது. உடல் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன் தீர்மானிக்கிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் இந்தச் சுரப்பியையே அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கத் தொடங்கினால் அது தன்னெதிர்ப்பு நோய்.

இது இரண்டு விதமாக வெளிப்படும். சுரப்பி மெல்ல மெல்ல அழிந்து ஹார்மோன் குறைந்தால் அது ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் கழுத்துக் கழலைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதை விவரித்தார். அது உடலே தனக்கெதிராகச் செய்யும் வேலை என்பது விளங்க 1956 வரை ஆனது. இதற்கு மாறாக, எதிர்ப்புப் புரதங்கள் சுரப்பியைத் தூண்டிவிட்டு ஹார்மோன் பெருகினால் அது கிரேவ்ஸ் நோய். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் எழுதிய விவரிப்பால் இந்தப் பெயர் நிலைத்தது. உப்பில் அயோடின் சேர்க்கப்படும் பகுதிகளில் வளரிளம் பருவத்தில் வரும் தைராய்டு குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ. கிரேவ்ஸ் அதைவிட மிக அரிது. ஆனால் வந்தால் வேகமாக வரும். இரண்டுமே ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம் வருகின்றன.

பெரியவர்களுக்கு வருவதற்கும் பிள்ளைகளுக்கு வருவதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, பிள்ளைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே. நாற்பது வயதில் ஹார்மோன் குறைந்தால் களைப்பு வரும், மருந்தில் சரியாகும். பதினொரு வயதில் குறைந்தால் உயரம் நின்றுபோகும். நெடுங்காலம் கவனிக்காமல் விட்டால் இழந்த உயரம் முழுவதும் திரும்பிவராமல் போகலாம்.

படி 1: வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

வளரிளம் பருவத்தில் இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு அறிகுறிக்கும் நம்மிடம் வேறொரு விளக்கம் தயாராக இருப்பதுதான். காலையில் எழமாட்டேன் என்றால் சோம்பல். மதிப்பெண் குறைந்தால் கைப்பேசி. எடை கூடினால் நொறுக்குத் தீனி. முடி கொட்டினால் போர்வெல் தண்ணீர். எரிந்து விழுந்தால் வயசுக் கோளாறு. தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லா விளக்கமும் பொருத்தமாகவே படும். ஒரே ஆண்டுக்குள் அவற்றில் மூன்று நான்கு சேர்ந்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் உயரம். பருவமடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். 4 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. வாடகை வீட்டில் நிலையில் எழுதினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்பதால் நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், குதிகாலும் தலையின் பின்புறமும் சுவரில் படும்படி நிற்கவைத்து அளந்து எழுதுங்கள். சீருடைப் பாவாடை இரண்டு கல்வியாண்டாக அப்படியே பொருந்துகிறது என்றால், துணி மிச்சம் என்று மகிழ்வதற்கு முன்னால் அளவு நாடாவை எடுங்கள்.

அடுத்து குளிர். சென்னையில் மார்கழியில்கூடப் பலர் மின்விசிறியை நிறுத்துவதில்லை. அப்படிப்பட்ட ஊரில், மே மாத இரவில் ஒரு பிள்ளை போர்வை கேட்டால், மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி உடன்பிறந்தவரோடு சண்டையிட்டால், அது பெரிய தடயம். மலச்சிக்கல், உலர்ந்த தோல், கரகரத்த குரல், மெதுவான பேச்சு, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். பெரும்பாலும் வயதுக்கு வருவது தள்ளிப்போகும். கடுமையாகவும் நெடுநாளாகவும் ஹார்மோன் குறைந்திருக்கும் சில பிள்ளைகளுக்கு மாறாக, உயரம் வளராமலேயே மிக இளம் வயதில் மாதவிடாய் தொடங்கிவிடுவதும் உண்டு. உயரத்தில் தேங்கிய ஒரு சிறுமி எட்டு வயதில் வயதுக்கு வந்துவிட்டால், மஞ்சள் நீராட்டுக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் தைராய்டைப் பார்த்துவிடுங்கள்.

எடையைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. தைராய்டு குறைவால் எடை ஓரளவுதான் கூடும். உயரமும் நன்றாக வளர்ந்து எடையும் நிறையக் கூடியிருக்கும் பிள்ளைக்குத் தைராய்டு காரணமாக இருப்பது அரிது; அத்தகைய பிள்ளைகளுக்கு, தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் சற்றே உயர்ந்திருப்பது பெரும்பாலும் உடல் பருமனின் விளைவுதான். மாத்திரை தொடங்கினால் மெலிந்துவிடுவாள் என்ற எதிர்பார்ப்பு ஏமாற்றத்தில்தான் முடியும்.

கடைசியாகக் கழுத்து. பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முகவாயைச் சற்று உயர்த்தி, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது கழுத்தின் அடிப்பகுதியில் ஏதேனும் மேலெழுந்து இறங்கினால் அது வீங்கிய தைராய்டாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கட்டிபோல இருந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் தனிக் கட்டிகளில் புற்றுநோய்க்கான வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் அவற்றை ஸ்கேன் செய்து, தேவைப்பட்டால் ஊசியால் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள்.

தாய்க்கோ அத்தைக்கோ தைராய்டு நோய், பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு, வெண்புள்ளி, டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், மேற்சொன்ன அறிகுறிகளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

படி 2: யாரிடம் போவது

வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடமே தொடங்கலாம். முதல் ரத்தப் பரிசோதனைக்கு அவரே எழுதித் தருவார். முடிவு மாறுபட்டிருந்தால், குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போவது சிறந்தது. உயர வளைகோட்டுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறாரா என்று பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் நகரவாசிகளுக்கு நன்கு தெரிந்தவை. வளரிளம் பருவத்தினர் குழந்தைகள் பிரிவுக்கும் பெரியவர்கள் பிரிவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வழக்கமாதலால், வயது வரம்பைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

படி 3: ரத்தப் பரிசோதனை

டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ஆகிய இரண்டும் முதலில் வேண்டும். ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் தனித்து உலவும் தைராய்டு ஹார்மோனின் அளவு. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். கூடும்; தைராய்டு வரம்பு மீறிச் சுரந்தால் டி.எஸ்.எச். குறையும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் "முழு உடல் பேக்கேஜ்" விளம்பரங்களில் பெரும்பாலும் ஃப்ரீ டி4-க்குப் பதில் மொத்த டி3, டி4 அளவுகளே இருக்கும். எண்ணிக்கையில் எழுபது எண்பது பரிசோதனைகள் இருந்தாலும் நமக்குத் தேவையான ஒன்று இல்லாமல் போகலாம். தன்னெதிர்ப்பு நோயா என்று உறுதிசெய்ய, சுரப்பியைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் காட்டும் ஆன்டி டிபிஓ, ஆன்டி தைரோகுளோபுலின் பரிசோதனைகள். ஹார்மோன் மிகுந்திருந்தால் டிராப் என்ற எதிர்ப்புப் புரதப் பரிசோதனை. ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் காலையிலேயே எடுப்பதும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அன்றைய மாத்திரைக்கு முன்னால் எடுப்பதும் முடிவுகளை ஒப்பிட உதவும். கூடியவரை ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள்.

இங்கே நாங்கள் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கி எட்டு மாதத்துக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் மகளின் டி.எஸ்.எச். தரைமட்டத்துக்கு இறங்கியும் ஃப்ரீ டி4 எகிறியும் வந்தன. மருந்தைப் பாதியாகக் குறைக்கும் பேச்சு எழுந்தது. ஆனால் பிள்ளைக்குப் படபடப்பும் இல்லை, எடை இழப்பும் இல்லை. நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டவில்லை. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று மருத்துவர் அவளிடமே கேட்டார். முடி கொட்டுகிறது என்று மருந்துக் கடைக்காரர் கொடுத்த பயோட்டின் மாத்திரையை அவள் இரண்டு மாதமாகச் சாப்பிட்டுவந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரியும். பயோட்டின் உடலைக் கெடுக்கவில்லை. பல கூடங்களில் பயன்படும் பரிசோதனை முறையைக் குழப்பி, இல்லாத கிரேவ்ஸ் நோயை இருப்பதுபோலக் காட்டிவிடுகிறது. அதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தபோது எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பயோட்டினை நிறுத்த வேண்டும். அளவு அதிகமானால் இன்னும் முன்னதாக.

படி 4: முடிவை வாசிப்பது

டி.எஸ்.எச். கூடி ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான குறைபாடு, மருந்து உறுதி.

டி.எஸ்.எச். மட்டும் கூடி, ஃப்ரீ டி4 இயல்பாக இருக்கும் நிலையில்தான் குழப்பம் அதிகம். 10-க்கு மேல் நிலைத்திருந்தால் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். 5-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால், சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதே முறை. பல பிள்ளைகளுக்கு அது தானாகவே இறங்கிவிடும். கழுத்து வீக்கம், உயரத் தேக்கம், எதிர்ப்புப் புரதம், தொடர்ந்து ஏறும் எண் ஆகியவை இருந்தால் முடிவு மருந்தின் பக்கம் சாயும். 6.2 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து அன்றிரவே மாத்திரை வாங்கிவிட வேண்டியதில்லை. அதே சமயம், "பார்டர்லைன்தானே" என்று சீட்டை மடித்து வைத்துவிட்டு இரண்டு ஆண்டு மறந்துவிடவும் கூடாது.

ஆன்டி டிபிஓ இருந்து, மற்ற இரண்டும் இயல்பாக இருந்தால் மருந்து தேவையில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும். ஆன்டி டிபிஓ எண் 600 என்றாலும் 1300 என்றாலும் சிகிச்சை மாறாது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் குறைகிறதா என்று பார்ப்பது பணச்செலவு மட்டுமே.

டி.எஸ்.எச். குறைந்து ஃப்ரீ டி4 கூடியிருந்தால் கிரேவ்ஸாக இருக்கலாம். ஹாஷிமோட்டோவின் தொடக்கத்தில் சிதைந்த சுரப்பியிலிருந்து சேமிப்பு ஹார்மோன் கசிந்து சில வாரங்கள் இப்படிக் காட்டுவதும் உண்டு. டிராப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக்காட்டும்.

ஃப்ரீ டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். கூடவில்லை என்றால் பிரச்சினை பிட்யூட்டரியில் இருக்கலாம். அங்கே, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைப் பார்க்காமல் தைராய்டு மாத்திரை தொடங்குவது ஆபத்து. ஹாஷிமோட்டோ உள்ளவர்களிலும், உடல் கறுத்து, உப்புக்கு ஏங்கி, அடிக்கடி மயக்கம் வரும் பிள்ளையாக இருந்தால் அட்ரீனல் சுரப்பியை முதலில் சோதிப்பார்கள்.

படி 5: மாத்திரையும் காபியும்

ஹாஷிமோட்டோவுக்கு மருந்து லெவோதைராக்சின். உடல் சுரக்கும் அதே ஹார்மோன், குப்பியில் வருகிறது. அவ்வளவுதான். வளர்ந்தவர்களுக்கு முழு அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. வளரும் பிள்ளைகளுக்கு எடைக்குத் தகுந்தபடி இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். "இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு 75-ஆ, எனக்கே 50தானே?" என்று பாட்டி கேட்டால் பதில் இதுதான்.

சிக்கல் மருந்தில் இல்லை, சென்னைக் காலையில் இருக்கிறது. ஆறு மணிக்கு டிகாக்‌ஷன் இறங்கிவிடும். ஆறே காலுக்குப் பால் பொங்கிவிடும். ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். மாத்திரையோ வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு உள்ளே போக வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. காபியும் பாலும் மருந்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைப்பவை. எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதம் மாத்திரைக் குப்பி காபி ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது, மறக்காமலிருப்பதற்காக. விளைவு, மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள், டி.எஸ்.எச். இறங்கவே இல்லை; மருந்தின் அளவு ஒருமுறை வீணாகக் கூட்டப்பட்டது. பிறகு குப்பியைக் கட்டிலருகே மாற்றினோம். ஐந்தரைக்கு நான் வாசல் தெளிக்க எழும்போது அவளைத் தொட்டு எழுப்பி, மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, மறுபடி தூங்க விட்டுவிடுவேன். ஆறரைக்குக் காபி.

காலையில் எதுவும் நடக்காத வீடுகளில், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் கொடுப்பதும் நல்ல வழி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். நோன்பு மாதத்திலும் இதுவே உதவும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை மதிய உணவுக்குப் பின் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

குப்பியிலிருந்து முழு மாதத்துக்கும் கொட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதையும், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைப்பதையும் தவிருங்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடருங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மருத்துவரிடம் தெரிவித்து, ஆறு வாரம் கழித்து ஒருமுறை பரிசோதியுங்கள். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் கொடுக்கலாம். இந்த ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒருநாள் தவறுவதால் எதுவும் ஆகிவிடாது. வாரத்தில் மூன்று நாள் தவறினால் ஆகும்.

படி 6: முதல் சில மாதங்கள்

முதல் மாதத்தில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ரத்தத்தில் அளவு நிலைபெற ஆறு வாரம் ஆகும். அதனால்தான் தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவு மாற்றிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பரிசோதிக்கிறார்கள். முடி கொட்டுவது நிற்க இன்னும் பல மாதம் பிடிக்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் உண்டு. நெடுநாள் மந்தமாக இருந்த பிள்ளை மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் துறுதுறுப்பாக, பொறுமையில்லாமல், வாய்க்கு வாய் பேசுபவளாக மாறலாம்; வகுப்பில் கவனம் சில மாதங்களுக்கு இன்னும் சிதறலாம். "அமைதியான பெண், மாத்திரை சாப்பிட்டுக் கெட்டுவிட்டாள்" என்று எங்கள் வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. இது தற்காலிகம். கடுமையான குறைபாடு என்றால் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்.

இரண்டு அறிகுறிகளுக்கு உடனே போக வேண்டும். ஒன்று, இடுப்பிலோ முழங்காலிலோ வலியும் நொண்டி நடப்பதும். தைராய்டு குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை வழுக்கி நகரும் ஆபத்து உண்டு, அந்த வலி முழங்காலில் தெரிந்து ஏமாற்றும். மற்றொன்று, மருந்து தொடங்கிய பின் கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும். அரிது, ஆனால் அலட்சியம் கூடாது.

அளவு நிலைபெற்ற பிறகு, வளர்ச்சி முடியும் வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ எடுத்துவிடுங்கள். அளவு மாற்ற வேண்டியிருந்தாலும் மார்ச் மாதத்துக்குள் உடல் சமநிலைக்கு வந்துவிடும்.

ஒரு பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியும் ஃப்ரீ டி4 இயல்பாகவோ மேல் விளிம்பிலோ வந்தால், பிள்ளை வாரக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டு, ரத்தம் கொடுக்கும் முந்தைய சில நாளில் மட்டும் ஒழுங்காக விழுங்கியிருக்கலாம். குப்பியில் மிச்சமுள்ளவற்றை எண்ணினால் தெரிந்துவிடும். எண்ணுவதற்கு முன்னால் ஏன் விட்டாள் என்று கேளுங்கள். எங்கள் மகள் சொன்ன காரணம், "நல்லாத்தானே இருக்கேன்மா" என்பது. பெரியவர்களும் ரத்தக்கொதிப்பு மாத்திரையை அதே காரணத்துக்காகத்தானே நிறுத்துகிறோம்?

படி 7: கிரேவ்ஸ் என்றால் பாதை வேறு

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அழுகையும் கோபமும், கண்கள் பெரிதாகத் தெரிவது ஆகியவை கிரேவ்ஸின் அடையாளங்கள். சித்திரை வெயிலில் வியர்க்காதவர் யாருமில்லை என்பதால் வியர்வையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது; கையெழுத்து மாறுவதைக் கவனியுங்கள். நடுங்கும் விரல்கள் நோட்டுப் புத்தகத்தில் முதலில் தெரியும். காரணமின்றிக் கவனக்குறைவு என்று ஆசிரியர் எழுதி அனுப்பும் குறிப்புக்குப் பின்னாலும் இது இருக்கலாம்.

முதல் மருந்து கார்பிமசோல் அல்லது மெதிமசோல். புரொப்பைல்தையோயூராசில் என்ற பழைய மருந்து பிள்ளைகளின் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்று 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை வெளியிட்டது. பிள்ளைகளுக்குப் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். படபடப்பைக் குறைக்கச் சில வாரம் புரொப்ரனலால் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்பிமசோல் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். இம்மருந்து அரிதாக, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளை அணுக்களை வீழ்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவுக்கு நான்கு பேர் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, இதுவும் அதுதான் என்று பாராசிட்டமாலோடு இரண்டு நாள் காத்திருப்பது நம் பழக்கம். இந்தப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் உயிருக்கு ஆபத்து. மருந்தின் பெயரை எழுதிய சீட்டு ஒன்று பள்ளிப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டு ஆண்டு மருந்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் நோய் தணிகிறது. மற்றவர்கள் இன்னும் சில ஆண்டுகள் மருந்தைத் தொடரலாம், அல்லது கதிரியக்க அயோடினையோ அறுவை சிகிச்சையையோ நாடலாம். அறுவை என்று முடிவானால், தைராய்டு அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளும் அதே இடத்தில் இருப்பதால் கைப்பழக்கம் மிக முக்கியம். கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய இரண்டுக்கும் பின்னர் வாழ்நாள் முழுவதும் லெவோதைராக்சின் தேவைப்படும்.

படி 8: உணவும் உறவினரும்

முட்டைக்கோசு, காலிஃபிளவர் பற்றிய அச்சம் தேவையில்லை. சமைத்து வழக்கமான அளவில் உண்ணலாம். ஆடி மாதக் கூழும் ஆகும். சோயாவை மாத்திரை வேளையிலிருந்து தள்ளி வையுங்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை விட்டால் தைராய்டு குணமாகும் என்று பரவும் பேச்சு, அந்தப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இல்லாதவர்களுக்குப் பொருந்தாது. இட்லியும் சாம்பார் சாதமும் உண்ணும் வீட்டில் அதற்குத் தனியாகச் செலவழிப்பது வேடிக்கைதான்.

உப்பு மட்டும் சற்று விளக்கத்துக்குரியது. கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அன்றாடச் சமையலில் வளரிளம் பருவத்தினருக்குத் தேவையான நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் இதிலிருந்து கிடைத்துவிடும். இந்துப்புக்கோ, தூத்துக்குடியிலிருந்து நேராக வரும் அயோடின் சேர்க்காத கல் உப்புக்கோ மாற வேண்டியதில்லை. கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று கூடுதலாகக் கொடுக்கவும் கூடாது; மிகை அயோடின் தன்னெதிர்ப்பு நோயைத் தூண்டக்கூடும். சித்த மருந்து எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உறவினர்களின் கவலை பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "கல்யாணத்துக்குப் பிரச்சினை வராதா?" அளவான மருந்தில் இருக்கும் பெண் இயல்பாகக் கருத்தரிக்கலாம், கருவுற்றதும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவே. பிள்ளையின் காதுபட இந்தக் கேள்வியைப் பேசாதிருப்பது நல்லது. மாத்திரையை ஒளித்து வைக்கச் சொல்லும் வீட்டில் அது தவறாமல் சாப்பிடப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

படி 9: பொறுப்பைக் கைமாற்றுவது

பதினைந்து வயதிலிருந்தே மருத்துவர் அறையில் முதல் ஐந்து நிமிடம் பிள்ளையே பேசட்டும். பதினெட்டில் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது ஒரே தாளில் நான்கு விவரம் இருந்தால் போதும்: நோய் உறுதியான தேதி, அப்போதைய எண்கள், இப்போதைய மருந்தின் பெயரும் அளவும், கடைசிப் பரிசோதனையின் முடிவு. எங்கள் மகள் இந்த ஆண்டு கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். அந்தத் தாளைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். பெட்டியில் இரண்டு குப்பிகள் போயின. அடுத்த ரத்தப் பரிசோதனை தீபாவளி விடுமுறையில், இங்கே, அதே கூடத்தில். விடுதியில் காபி ஏழரைக்குத்தான் கிடைக்குமாம், மாத்திரைக்கு அது வசதியாகிவிட்டது என்றாள்.